பெட்டியில் உறங்கும் கம்பளி

மார்கழியும் தையும் முன்பனிக் காலம், மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம் என்று நம் முன்னோர் வகுத்து வைத்தார்கள். மதுரையிலோ சென்னையிலோ இருந்தவரை இவை பள்ளிப் பாடத்தில் மனப்பாடம் செய்த பெயர்கள்தாம். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 920 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூருக்குக் குடிவந்த பிறகுதான் பனிக்காலம் என்பது நம்மில் பலருக்கு உடம்பில் உறைத்தது. வந்த முதல் வருடமே கடைக்கு ஓடி உல்லன் நூல் வாங்கினோம். பின்னத் தெரிந்தவர்கள் குழந்தைக்கு ஸ்வெட்டரும் பெரியவருக்கு மஃப்ளரும் பின்னினார்கள். தெரியாதவர்கள் அடுத்த வீட்டு மாமியிடமோ சித்தியிடமோ உட்கார்ந்து கற்றுக்கொண்டார்கள்.

அந்த நூலெல்லாம் இப்போது எங்கே இருக்கிறது? பரணில், இரும்புப் பெட்டியில், கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. முழு உருண்டை சில, பாதி உருண்டை பல, சாயம் பொருந்தவில்லை என்று ஒதுக்கியவை, பிள்ளைகள் வளர்ந்ததும் பிரித்துச் சுற்றி வைத்த பழைய ஸ்வெட்டர் நூல். என் வீட்டில் மட்டும் இரண்டு தலையணை உறை நிறைய இருக்கிறது. சங்கத்துக்கு வரும் தோழிகளிடம் விசாரித்தால், 'எங்கள் வீட்டிலும்தான்' என்று சிரிக்கிறார்கள்.

இந்தக் குளிர்காலத்தில் அந்த நூல் வெளியே வர வேண்டும் என்பது என் கருத்து. குல்லாவாக, கையுறையாக, காலுறையாக, விடிவதற்கு முன்பே பனியில் நிற்கும் மனிதர்களிடம் போய்ச் சேர வேண்டும். அதற்கு ஒரு நிபந்தனையும் உண்டு. பின்னுவதற்கு முன்னால் அவர்களைக் கேட்க வேண்டும்.

'இப்போது பெங்களூரில் குளிர் எங்கே இருக்கிறது?' என்று கேட்பவர்கள் உண்டு. ஏரிகள் குறைந்து கட்டடங்கள் பெருகிவிட்ட ஊர்தான், மறுக்கவில்லை. இந்நகரில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையான 7.8 டிகிரி, 1884-ஆம் ஆண்டு ஜனவரி 13-ஆம் தேதி பதிவானது. அது மீண்டும் வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மார்கழி, தை மாத இரவுகளில் இன்றும் 15, 16 டிகிரிக்கு இறங்குவது வழக்கம். ஜன்னலைச் சாத்திப் போர்த்திப் படுத்திருப்பவர்களுக்கு அது சுகமான குளிர். அதிகாலை நான்கு மணிக்கு கே.ஆர். மார்க்கெட்டில் ஈரச் சாக்கின் மேல் உட்கார்ந்து பூ விற்கும் பெண்ணுக்கு அது வேறு குளிர். தெருவைப் பெருக்க விடியலில் வரும் பௌரகார்மிகப் பெண்கள், சைக்கிளில் பேப்பர் போடும் பையன்கள், அடுக்குமாடி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இரவைக் கழிக்கும் காவலாளிகள் ஆகியோருக்கும் அப்படித்தான்.

கம்பளிக்கும் இந்த ஊருக்கும் உள்ள உறவு பழையது. அந்தக் குளிர் பதிவான அதே 1884-இல்தான் பெங்களூர் உல்லன், காட்டன் அண்டு சில்க் மில்ஸ் தொடங்கப்பட்டது. பிறகு அது பின்னி நிறுவனத்தின் கைக்கு வந்தது. கம்பளித் துணிக்குப் 'பின்னி' என்றே பெயர் அமைந்ததை எண்ணி நம் வீட்டுப் பெரியவர்கள் வேடிக்கையாகப் பேசுவார்கள். அங்கே உழைத்தவர்களில் நம்மவர்கள் பலர். ஆலை போய்விட்டது, பின்னிபேட்டை என்ற பெயர் நிற்கிறது. அதற்கும் முன்பிருந்தே கர்நாடகத்துக் குருபர் சமூகத்தார் தக்காண ஆட்டின் ரோமத்தில் கறுப்புக் கம்பளி நெய்து வருகிறார்கள். 'கம்பளி' என்ற சொல் தமிழிலும் கன்னடத்திலும் ஒன்றுதான். 'சளி' மட்டும் வேறு. கன்னடத்தில் அது குளிரைக் குறிக்கும். 'ரொம்ப சளி' என்று பக்கத்து வீட்டு அம்மாள் சொல்ல, நம்மூரிலிருந்து புதிதாக வந்தவர்கள் கஷாயம் வைத்துக் கொடுத்த கதைகள் நம்மிடையே ஏராளம்.

இனி, கேட்பது என்ற விஷயத்துக்கு வருகிறேன். வையாவி மலைத் தலைவன் பேகன், மயில் குளிரால் நடுங்குகிறது என்று எண்ணித் தன் போர்வையை அதற்குக் கொடுத்தான். கடையெழு வள்ளல்களில் ஒருவனாக அவனைப் போற்றுகிறோம். அந்த மனம் பெரிது. ஆனால் மயிலுக்குத் தோகை இருக்கிறது, போர்வையை அது உடுத்தப் போவதில்லை என்பதைப் பழம்பாடலே சொல்லிவிடுகிறது. மன்னன் கொடுத்தால் அது கொடைமடம் என்று புகழ் பெறும். நாம் இருக்கிற சிறிது நூலை அப்படிக் கொடுத்தால் அது வீண்தான்.

எங்கள் தெரு முனையில் பூக்கட்டும் அம்மாள் தருமபுரிப் பக்கத்தவர். அவரிடம், 'உங்களுக்கு ஒரு மஃப்ளர் பின்னித் தரட்டுமா?' என்று கேட்டேன். 'மஃப்ளர் வேணாம்மா, தண்ணிப் பூவ எடுத்து எடுத்து கைதான் மரத்துப் போவுது. ஆனா விரல மூடுனா நாரு முடிய வராது' என்றார். அவருக்கு வேண்டியது விரல் நுனி திறந்திருக்கும் கையுறை. மணிக்கட்டிலிருந்து விரல்களின் பாதி வரைக்கும் வந்தால் போதும், முப்பது நாற்பது கிராம் நூலில் முடிந்துவிடும். பேப்பர் எண்ணிப் பிரிக்கும் பையனுக்கும் அதுவே பொருந்தும்.

சைக்கிளிலும் ஸ்கூட்டரிலும் போகிறவர்களுக்கு நீண்ட மஃப்ளர் கூடவே கூடாது. துப்பட்டா சக்கரத்தில் சிக்கிய விபத்துகளை நாம் அறிவோம். நடனக் கலைஞர் இசடோரா டங்கன் 1927-இல் பிரான்சு நாட்டின் நீஸ் நகரில் உயிரிழந்தது, கழுத்துத் துணி கார்ச் சக்கரத்தில் சுற்றிக்கொண்டதால்தான். அவர்களுக்குத் தலைவழியாக மாட்டிக்கொள்ளும் குழாய்போன்ற கழுத்துப்பட்டி பின்னலாம். தொங்கும் முனை அதில் கிடையாது. இரவுக் காவலாளிக்குக் காதை மூடும் குரங்குக் குல்லா வேண்டும், ஆனால் கேட் மணி காதில் விழ வேண்டும் என்பதால் காதுப் பக்கம் மெல்லியதாக இருக்க வேண்டும். தெருப் பெருக்கும் பெண்களில் ஒருவர் என்னிடம் கன்னடத்தில் சொன்னது, வெளிர் நிறம் மட்டும் வேண்டாம் என்பது. ஒரு நாள் தூசியில் அழுக்காகிவிடும், தினம் துவைக்கத் தண்ணீருக்கு எங்கே போவது? இவை எதுவும் என் பெட்டிக்குள் பார்த்துக் கொண்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது.

அடுத்து நூலைத் தரம் பிரிக்க வேண்டும். பழைய உருண்டைகளில் சீட்டு இருக்காது. ஓர் அங்குல நூலை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் வைத்துத் தீக்குச்சியைக் காட்டுங்கள். முடி கருகும் வாடை வந்து, சாம்பல் விரலில் பொடிந்தால் அது அசல் கம்பளி. உருகிக் கெட்டியான மணிபோல் இறுகினால் அக்ரிலிக். நம் வீடுகளில் இருப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். 1950-இல் அமெரிக்காவில் 'ஆர்லான்' என்ற பெயரில் விற்பனைக்கு வந்த செயற்கை இழை அது. மலிவு, துவைக்க எளிது, பூச்சி அரிக்காது. ஆனால் நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டும். சுள்ளி போட்டுக் குளிர் காய்கிற காவலாளிக்கும், தள்ளுவண்டியில் அடுப்பு வைத்து இட்லி விற்பவருக்கும் அக்ரிலிக் கையுறை ஆபத்து. அசல் கம்பளியை அவர்களுக்கென்று ஒதுக்குங்கள். அதை வெந்நீரில் அலசினால் சுருங்கும் என்பதையும் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

பூச்சி அரித்த நூலைக் கொடுக்க வேண்டாம். இழுத்தால் அறுகிற நூலையும் வேண்டாம். பிரித்த நூல் வளைந்து வளைந்து இருந்தால் கண்டாகச் சுற்றி, நான்கு இடத்தில் கட்டி, குளிர்ந்த நீரில் நனைத்து நிழலில் தொங்கவிட்டால் பெரும்பாலும் நேராகிவிடும். மெல்லிய நூல் இரண்டைச் சேர்த்து 8-ஆம் எண் ஊசியில் பின்னலாம். 10-ஆம் எண் ஊசி 3.25 மில்லிமீட்டர், 8-ஆம் எண் 4 மில்லிமீட்டர். எண் குறையக் குறைய ஊசி பருக்கும் என்பதைப் புதிதாகப் பழகும் பெண்களுக்குச் சொல்லி வைப்பது நல்லது.

குழந்தைக் குல்லா பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உடல் சூட்டில் பாதி தலைவழியாகவே போகிறது என்று சொல்வார்கள். பெரியவர்களுக்கு அது சரியல்ல, தலை நம் உடல் பரப்பில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். பிறந்த குழந்தைக்கோ அது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. குறைமாதக் குழந்தைகளைத் தாயின் மார்போடு அணைத்து வளர்க்கும் கங்காரு முறை 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் தொடங்கி உலகெங்கும் பரவியது. அதிலும் குழந்தைக்கு மாட்டும் மிகச் சில உடைகளில் குல்லாவும் காலுறையும் அடக்கம். 50 கிராம் உருண்டை ஒன்றில் இரண்டு சின்னக் குல்லா வரும். ஆனால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்கு முன் அங்குள்ள தலைமைச் செவிலியரைக் கேட்டே தீர வேண்டும். சில இடங்களில் பருத்தி நூல்தான் வாங்குவார்கள், சில இடங்களில் வெளிப்பொருளே வாங்கமாட்டார்கள். குஞ்சம், பொத்தான், கழுத்தில் கட்டும் நாடா, ரோமம் உதிரும் நூல் எதுவும் கூடாது. நம் கண்ணுக்கு அழகாக இருக்கும் குஞ்சம் குழந்தையின் வாய்க்குள் போகக் கூடும்.

'நடைபாதையில் நூறு ரூபாய்க்குக் குல்லா கிடைக்கிறது. அதை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகலாமே, கண்ணைக் கெடுத்துக்கொண்டு எதற்குப் பின்ன வேண்டும்?' என்று என் மகனே கேட்கிறான். கேள்வியில் நியாயம் உண்டு. பணம் இருப்பவர்கள் தாராளமாக வாங்கிக் கொடுக்கட்டும். குளிர்காலத்தில் ஸ்வெட்டர் விற்க வரும் திபெத்திய வியாபாரிகளுக்கும் அது பிழைப்பு. புதிதாக நூல் வாங்கிப் பின்னச் சொன்னால் நானும் அவன் பக்கம்தான் நிற்பேன். நான் சொல்வது ஏற்கெனவே விலை கொடுத்து வாங்கி, பெட்டியில் கிடந்து வீணாகும் நூலைப் பற்றி. விரல் திறந்த கையுறையும் தொங்காத கழுத்துப்பட்டியும் அவரவர் அளவில் நடைபாதைக் கடையில் கிடைப்பதில்லை என்பதையும் அவனுக்குச் சொன்னேன்.

இன்னொன்றும் உண்டு. பிள்ளைகளோடு இருக்கலாம் என்று ஊரை விட்டு இங்கே வந்த பாட்டிமார்கள் நம் வீடுகளில் பலர். பகலெல்லாம் பூட்டிய அடுக்குமாடி வீட்டில் பேச ஆளின்றி இருக்கிறார்கள். டி.வி. சத்தம்தான் துணை. அவர்கள் கையில் ஒரு வித்தை இருக்கிறது. 'இந்தக் கையுறை வெள்ளிக்கிழமைக்குள் பூக்காரம்மாவுக்கு வேண்டும்' என்று சொல்லிப் பாருங்கள். அதற்காகவாவது கீழே இறங்கி வந்து பூக்காரம்மாவின் கையை அளப்பார்கள். கன்னடம் தெரியாத பாட்டிக்கும் தெருப் பெருக்கும் பெண்ணுக்கும் நடுவே ஓர் அளவு நாடா போதும், பேச்சு தானே வந்துவிடும்.

பெண்கள் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பழைய உதாரணமும் உண்டு, புதிய உதாரணமும் உண்டு. 1962-இல் சீனப் போர் வந்தபோது, இமயமலைக் குளிரில் நின்ற ஜவான்களுக்காக நாடெங்கும் பெண்கள் ஸ்வெட்டர் பின்னினார்கள். 2016-ஆம் ஆண்டு ஜனவரி 31 அன்று சென்னையில், சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' குழுவினர், குரோஷா ஊசியால் பின்னிய துண்டுகளை இணைத்து 11,148.5 சதுர மீட்டர் போர்வை ஒன்றை விரித்துக் கின்னஸ் சாதனை படைத்தார்கள். ஏறக்குறைய இரண்டே முக்கால் ஏக்கர்! சாதனை முடிந்த பின் அந்தப் போர்வைகள் இல்லாதவர்களுக்குப் போயின என்பதுதான் எனக்கு அதில் மிகவும் பிடித்த செய்தி.

நமக்குச் சாதனை எதுவும் வேண்டாம். சங்கக் கூடத்தில் மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி நேரம் கிடைத்தால் போதும். வீட்டிலிருக்கும் நூலைக் கொண்டுவந்து தரம் பிரித்து வைப்போம். ஒரு நோட்டுப் புத்தகத்தில் யாருக்கு, என்ன அளவு, என்ன நிறம் என்று எழுதுவோம். பெயர் எழுதாத பொருளைப் பின்னுவதில்லை என்று ஒரு விதி வைப்போம். கொடுக்கும்போது போட்டோவும் மேடையும் வேண்டாம். வாங்குகிறவர் நம் தெருக்காரர், நாளைக் காலையும் அவர் முகத்தில் விழிக்கப் போகிறோம். பேரன்களையும் பழக்குங்கள். ஐரோப்பாவில் பின்னல் தொழில் சங்கங்கள் முன்பு ஆண்களின் கையில்தான் இருந்தன. குருபர் கம்பளியையும் பெண்கள் நூற்க ஆண்கள் நெய்கிறார்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தை பிறப்பதற்குள் ஒரு ஜோடிக் கையுறையாவது ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வரட்டும். பரணில் உள்ள பெட்டியை இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்குங்கள். திறப்பதற்கு முன், உங்கள் வீட்டுக்குப் பேப்பர் போடும் பையனை ஒரு நிமிடம் நிறுத்தி, அவனுக்கு எங்கே குளிர்கிறது என்று கேளுங்கள்.