ரஜூலா வரும் நாள்

விடுமுறைக்குக் கப்பலில் உல்லாசப் பிரயாணம் போவது இப்போது ஒரு மோஸ்தராகிவிட்டது. கப்பலுக்குள்ளேயே நீச்சல் குளமாம், சினிமாவாம், பாட்டுக் கச்சேரியாம்! நாகப்பட்டினத்துப் பாட்டிமார் யாரிடமாவது இதைச் சொல்லிப் பாருங்கள். "கப்பலிலா? உல்லாசமா?" என்று மோவாயில் கையை வைத்துக்கொள்வார்கள். அவர்கள் அறிந்த கப்பல் ரஜூலா.

பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனிக்குச் சொந்தமானது அது. ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் மக்கின்னன் என்பவர் 1856-ல் வேறொரு பெயரில் தொடங்கிய கம்பெனி, 1862-ல் இந்தப் பெயரைப் பெற்றது. நல்ல தசையில் 150-க்கும் மேற்பட்ட கப்பல்கள் அதனிடம் இருந்தன. ரஜூலா, ரோணா, துவாரகா, கரஞ்சா என்று அநேகமாக எல்லாமே பெண் குழந்தைகளின் பெயரைப் போல ஆகாரத்தில் முடியும். உண்மையில் ரஜூலா என்பது குஜராத்தில் உள்ள ஓர் ஊர்.

1926-ல் கிளாஸ்கோவில் கட்டப்பட்ட 8,478 டன் கப்பல் அது. சென்னையில் புறப்பட்டு, நாகையில் ஆட்களை ஏற்றிக்கொண்டு, பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று போகும். கேபின் வாசிகள் கொஞ்சம் பேர்தான். டெக் பிரயாணிகளோ, ஆரம்ப காலத்து அனுமதிப்படி, ஐயாயிரத்துக்கு மேல்! கம்பெனிக்குப் பணம் வந்தது இந்த ஜனத்திரளால்தான். அவர்களுக்கு அது அளித்த சௌகரியம், பாய் விரிக்க ஓர் இடம். டிரங்குப் பெட்டிதான் சுவர், புடவைதான் திரை.

டிக்கெட்டுக்கு ஏது பணம் என்று கேட்கலாம். ரப்பர் தோட்டக்காரர்களிடம் வரி வசூலித்து, மலாயாவில் 1907-ல் ஒரு நிதி ஏற்படுத்தினார்கள். தோட்டத்துக்குப் போகும் கூலியாளின் கப்பல் செலவு அதிலிருந்து வந்தது. தஞ்சைச் சீமையில் சோறு கிடைக்காத விவசாயத் தொழிலாளிக்கு இது பெரிய ஆசை காட்டியது. ஆனால் 1930-ஐ ஒட்டி ரப்பர் விலை விழுந்ததும், லட்சத்துக்கு மேற்பட்டவர்களை அதே கப்பல்களில் திருப்பி அனுப்பினார்கள். பால் வற்றிய மாட்டைக்கூட நாம் இவ்வளவு சுருக்காக அவிழ்த்து விடமாட்டோம்!

நாகையில் கப்பல் கரைக்கு வராது, ஆழம் போதாது. நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். கடுவையாற்று முகத்துவாரத்திலிருந்து படகில் போய், அலை தூக்குகிற நேரம் பார்த்து ஏணியில் கால் வைக்க வேண்டும். இடுப்பில் குழந்தை, கையில் கூஜா. வழியனுப்ப வந்தவர்களுக்குக் கரையிலிருந்து முகமா தெரியும்? புகைதான் தெரியும்.

1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கினார்கள். அடுத்த பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தது. கப்பல் நின்றது, கடிதம் நின்றது, மணியார்டரும் நின்றது. மூன்றரை வருஷம்! அக்கரையில் புருஷன் இருக்கிறானா, இல்லையா என்று தெரியாமலே தினமும் நெற்றியில் குங்குமம் வைத்துக்கொண்ட பெண்கள் எத்தனை பேரோ! சயாம் ரயில் பாதை போடத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவே இல்லை. யுத்தக் கணக்கில் அந்த மனைவிமார்களுக்குப் பத்தி கிடையாது.

ரஜூலாவும் அதன் சகோதரிக் கப்பலான ரோணாவும் அப்போது சிப்பாய்களைச் சுமந்தன. 1943 நவம்பர் 26-ல் மத்தியதரைக் கடலில், வானொலி மூலம் இயக்கப்பட்ட ஜெர்மன் குண்டு ரோணாவைத் தாக்கியது. ஆயிரத்துக்கு மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் மாண்டார்கள். ரஜூலா தப்பிப் பிழைத்து மறுபடியும் நாகைக்கு வந்தது.

1953-ல் மலாயாவில் குடியேற்றச் சட்டம் இறுகியது. அதன்பின் பிழைப்புத் தேடிப் புதிதாகப் போவோர் குறைந்தார்கள். லீவுக்கு ஊர் வந்து திரும்புகிறவர்கள், கணவனிடம் போகும் மனைவிகள், வியாபாரிகள், அவர்களோடு மூட்டை மூட்டையாக வெங்காயம் - இதுதான் பிற்காலத்து ரஜூலா.

1973-ல் இந்தியக் கப்பல் கழகம் அதை வாங்கி 'ரங்கத்' என்று பெயர் மாற்றியது. மறு வருஷமே உடைத்துவிட்டார்கள். பிறகு அந்தத் தடத்தில் ஓடியது 'சிதம்பரம்', பிரெஞ்சுக்காரர்களிடம் 'பாஸ்டர்' என்ற பெயரில் இருந்த கப்பல். 1985 பிப்ரவரியில் அதில் தீப்பிடித்துப் பலர் மாண்டனர். அதோடு அந்தக் கடல் வழியும் போயிற்று. சிங்கப்பூர், கோலாலம்பூர் போகிற தஞ்சாவூர்க்காரர்களுக்கு இன்று திருச்சி விமான நிலையம்தான் துறைமுகம்.

நாகைக்கு மறுபடியும் பிரயாணிக் கப்பல் வந்தது 2023 அக்டோபர் 14-ல்தான். 'செரியபாணி' என்ற கப்பல் காங்கேசன்துறைக்குப் புறப்பட்டது. சில நாளிலேயே நின்றும் போனது. 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' ஓடத் தொடங்கியது. நாலு மணி நேரப் பிரயாணம். குளிர்சாதன அறையில் மெத்தை நாற்காலி. பாயும் கூஜாவும் வேண்டியதில்லை. கரையிலிருந்தே ஏறலாம்.