நாலரை நிமிடப் பந்தயம்

விடுமுறைக்கு எங்கே செல்வது என்ற கேள்வி நம் போன்றோர் இல்லங்களில் எழுவதே இல்லை. எழுமுன்னரே விடை ஆயத்தமாக இருக்கிறது: "ஊருக்கு." பெங்களூரில் பிழைக்க வந்த தமிழ்க் குடும்பம் பொங்கலுக்கும் ஊருக்குச் செல்லும், கோடை விடுமுறைக்கும் ஊருக்குச் செல்லும், திருமணம், காதணி விழா, கருமாதி எதுவாயினும் ஊருக்கே செல்லும். மிஞ்சிய விடுப்பு நாட்கள் குழந்தைகளின் காய்ச்சலுக்குச் சரியாய்ப் போகும். இவ்வழக்கத்தைக் குறை கூற நாம் வரவில்லை. நாமும் அப்படித்தான் பல ஆண்டுகள் கழித்தோம். 2024-ஆம் ஆண்டில் ஒரே ஒரு முறை அதனின்று விலகினோம். அதனால் விளைந்த மகிழ்ச்சியையும் சங்கடத்தையும் இத்திங்கள் அன்பர்களிடம் சொல்லலாமென எண்ணுகிறோம்.

தொடக்கம் அலசூர் ஏரிக்கரையில். அங்கே பாய்மரப் படகு ஒன்று காற்றை வாங்கிக்கொண்டு திரும்பியதைக் கண்ட நம் மகன், "அப்பா, இதை வைத்துப் பந்தயம் விடுவார்களா?" என்று வினவினான். ஒன்பது வயதுப் பிள்ளையின் கேள்வி. விடுவார்கள் என்றோம். கரிபியக் கடலில் ஆன்டிகுவா என்றொரு சிறு தீவு உண்டு. குளிர்காலப் பயணிகள் திரும்பிச் சென்றதும் விடுதிகள் வெறிச்சோடிப் போவதைத் தடுக்க, அத்தீவினர் 1960-களின் இறுதியில் ஒரு பாய்மரப் பந்தய வாரத்தைத் தொடங்கினார்கள். அதைக் காண்பதற்கென்றே கண்டம் விட்டுக் கண்டம் சென்று விடுமுறை கழித்தோர் உளர். இவற்றைச் சொன்னதும் மகன் அடுத்த கேள்வியைக் கேட்டான்: "நாம் போகலாமா?" குமாஸ்தாவின் சம்பளத்தில் கரிபியன் ஏது? ஆனால் இருப்புப்பாதை உத்தியோகத்தில் ஒரு சௌகரியம் உண்டு. பாஸ் இருக்கிறது. ஓர் இரவுப் பயணத்தில் ஆலப்புழை இருக்கிறது.

ஆலப்புழையின் புன்னமடைக் காயலில் நடைபெறும் நேரு கோப்பை வள்ளங்களியின் வரலாறு பலரும் கேட்டதே. 1952 டிசம்பரில் பிரதமர் நேரு கோட்டயத்திலிருந்து நீர்வழியே ஆலப்புழைக்கு வந்தார். அவரைச் சிறப்பிக்க வள்ளங்களின் பந்தயம் ஒன்று நடந்தது. நடுபாகம் என்னும் சுண்டன் வள்ளம் வென்றது. உவகை மிகுந்த நேரு, காவலர்கள் திகைத்து நிற்க, வென்ற வள்ளத்தில் தாவி ஏறிவிட்டார். டில்லி திரும்பியபின் வள்ளத்தின் வடிவிலேயே ஒரு வெள்ளிக் கோப்பையைச் செய்வித்துத் தம் கையொப்பத்துடன் அனுப்பிவைத்தார். அதற்காகவே இன்றும் பந்தயம் நடக்கிறது. அன்று ஆலப்புழைக்கு ரயில் கிடையாது என்பதையும் நம் துறை சார்ந்த செய்தியாகச் சேர்த்துக்கொள்கிறோம். எர்ணாகுளத்திலிருந்து கடலோரப் பாதை அங்கே எட்டியது 1989-இல்தான்.

பந்தயம் அப்போதெல்லாம் ஆகஸ்டு இரண்டாம் சனிக்கிழமை என்பது மரபு. 2024-இல் அது 10-ஆம் தேதி. பயணச்சீட்டு வாங்கியாயிற்று. ஊரிலிருக்கும் அன்னையாருக்குத் தொலைபேசியில் செய்தி சொன்னோம். ஈரோட்டுக்கு அடுத்த சிற்றூரில் தனித்து வாழ்பவர். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "ஏங் கண்ணு, வருசத்துக்கு ரெண்டு தடவ நீங்க வர்றதே பெரிசு. அதுல ஒண்ணயும் படகு பாக்கறதுக்குக் குடுத்துட்டியா?" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்போம். அவர் கோபிக்கவில்லை. நமக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை.

இந்நிலையில் ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டில் மலை சரிந்தது. முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுள் புதைந்தன. இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். வள்ளங்களி தள்ளிவைக்கப்பட்டது. சீட்டை ரத்துச் செய்து, கைக்கு வந்த தொகையைக் கேரள முதலமைச்சரின் துயர் துடைப்பு நிதிக்கு அனுப்பினோம். அன்னையாரும், "எழவு வூட்டுக்குப் பக்கத்துல கொட்டு கேக்கலாமா? நீ இங்க வா" என்றார். அதுவே முறையெனப் பட்டது.

ஆனால் பின்னர் வந்த செய்திகள் நம்மைச் சிந்திக்க வைத்தன. வள்ளங்களுக்கு வாரக்கணக்கில் பயிற்சி முகாம் உண்டு. நூறு பேருக்கு நாள்தோறும் உணவும் படியும் அளிக்க வேண்டும். அப்பணம் ஊர்மக்களும் சங்கங்களும் திரட்டியது. பந்தயம் தள்ளிப்போனதால் சங்கங்கள் கடனில் நின்றன. விடுதியாரும் படகுக்காரரும் தேநீர்க் கடைக்காரரும் அந்த ஒரு நாளை நம்பியிருந்தவர்கள். துக்கத்துக்கு உரிய காலத்தை அளித்தபின் பந்தயத்தை நடத்துங்கள் என்று அவர்கள் கேட்டனர். செப்டம்பர் 28 என்று தேதி குறிக்கப்பட்டது. 2018-இலும் பெருவெள்ளத்துக்குப் பின் நவம்பர் 10-இல் நடத்தியவர்கள் அவர்கள். இதை அன்னையாரிடம் விளக்கியபோது, "அவங்க அடுப்பும் எரியோணுமல்லோ" என்றார். அப்போதுதான் நமக்கு முதலிலேயே தோன்றியிருக்க வேண்டிய யோசனை தோன்றியது. "நீங்களும் வாங்கம்மா. வண்டி ஈரோட்டு வழியாத்தான் போகுது" என்றோம்.

பெங்களூரிலிருந்து கேரளம் செல்லும் அவ்வண்டியின் பெயர் ஐலண்ட் எக்ஸ்பிரஸ். கன்னியாகுமரி வரை செல்லும் வண்டிக்குத் தீவு என்ற பெயர் ஏன் என்று பிரயாணிகள் கேட்பதுண்டு. முற்காலத்தில் அது கொச்சியின் வெலிங்டன் தீவிலிருந்த துறைமுக நிலையத்துடன் நின்றுவிடும். தீவுக்குச் சென்றதால் தீவு வண்டி. பாதை நீண்டது, பெயர் மாறவில்லை. கரிபியத் தீவு கேட்ட மகனுக்கு இப்பெயரைக் காட்டி ஒருவாறு சமாதானம் செய்தோம். நள்ளிரவுக்குப் பின் வண்டி ஈரோட்டில் நின்றபோது, நடைமேடை விளக்கின் கீழே புளிச்சோற்றுத் தூக்குடன் அன்னையார் நின்றிருந்தார். ஆண்டுகள் பலவாக நாம் இறங்கிய நிலையத்தில் அவர் ஏறினார். அந்த ஒரு கணத்துக்கே டிக்கெட்டுப் பணம் தகும்.

எர்ணாகுளத்தில் வண்டி மாறி ஆலப்புழை சேர்ந்தோம். மறுநாள் காலையில் கரையோரம் நின்ற சுண்டன் வள்ளத்தை அருகில் சென்று பார்த்தோம். நூறு அடிக்கு மேல் நீளம், ஆஞ்சிலி மரம், பின்புறம் படமெடுத்த நாகம் போல் உயர்ந்து நிற்கிறது. ஏறத்தாழ நூறு பேர் அமர்ந்து துடுப்பு வலிப்பர். நடுவே நிற்போர் தாளம் காட்டுவர். பின்கோடியில் நிற்போர் நெடுந்துடுப்பால் திசை செலுத்துவர். முன்பகுதியை அணியம் என்றும் பின்பகுதியை அமரம் என்றும் அங்குள்ள முதியவர் ஒருவர் கூறினார். நாம் திடுக்கிட்டோம். நம் தமிழ்நாட்டுக் கடற்கரை மீனவர் வாயில் இன்றும் வழங்கும் சொற்கள் இவையே அல்லவா! அன்னையாருக்கோ மலையாளமும் தெரியாது, கடற்கரைத் தமிழும் தெரியாது. ஆயினும் அம்முதியவருடன் நெல் விளைச்சலைப் பற்றி அரை மணி நேரம் உரையாடினார். கடல் மட்டத்துக்குத் தாழ்ந்த வயலில் வரப்புக் கட்டி நீரிறைத்து நெல் விளைவிப்பது குட்டநாட்டாரின் தொழில். உழவரை உழவர் அறிவதற்கு மொழி தடையாவதில்லை.

இனிச் சங்கடத்தைச் சொல்ல வேண்டும். பிற்பகலில் கூட்டம் நெருக்கியது. ஒரு படகுக்காரர், பந்தயத் தடத்துக்கு அருகிலேயே கொண்டு நிறுத்துவதாகவும் ஆளுக்கு இவ்வளவு என்றும் அழைத்தார். குழந்தைகள் துள்ளி ஓடினர். நாம் தலைகளை எண்ணினோம். பாதுகாப்புச் சட்டைகளைத் தேடினோம். தலைகள் மிகுதி, சட்டை ஒன்றேனும் கண்ணில் படவில்லை. இறங்கச் சொன்னோம். மகன் அழுதான். மகள் நம்முடன் பேச மறுத்தாள். "எல்லாரும் போறாங்கல்லங்க" என்று இல்லாளும் முணுமுணுத்தார். அப்படகு மாலையில் பத்திரமாகவே திரும்பியது; அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். ஆயினும் நாம் செய்தது பிழையென்று இன்றும் எண்ணவில்லை. இதே வேம்பநாட்டுக் காயலில் 2002 ஜூலை 27-இல் முகம்மாவிலிருந்து குமரகம் சென்ற படகு கவிழ்ந்து 29 பேர் மாண்டனர். 2023 மே மாதம் தானூரில் உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். அவர்களில் குழந்தைகள் பலர். நீரில் எழுபது பேர் பத்திரமாகத் திரும்பிய நாட்களை யாரும் எழுதி வைப்பதில்லை. ஆதலால் அன்று வரை ஒன்றும் ஆகவில்லை என்பது ஒரு சான்றாகாது.

கரையிலிருந்து கூட்டத்துக்குப் பின்னால் நின்றே பந்தயத்தைக் கண்டோம். அவ்வாண்டு சுண்டன் வள்ளங்கள் 19. தகுதிச் சுற்றுகளில் விரைந்து முடித்த நான்கு மட்டுமே இறுதிக்குச் செல்லும். காரிச்சால், வீயபுரம், நடுபாகம், நிரணம் என்பவை இறுதியில் நின்றன. 1952-இல் நேரு தாவியேறிய அதே பெயருடைய வள்ளமும் அவற்றுள் ஒன்று. மகனைத் தோளில் ஏற்றிக்கொண்டோம். வெடியோசை கேட்டது. முதலில் நீர்த்திவலைதான் தெரிந்தது. பிறகு ஓசை வந்தது: நானூறு துடுப்புகள் நீரை அறையும் ஓசை. கண்ணிமைக்கும் நேரத்தில் அனைத்தும் நம் முன்னே கடந்து போயின. "யாரு செயிச்சாங்க?" என்று அன்னையார் கேட்டார். பக்கத்திலிருந்த எவருக்கும் தெரியவில்லை.

அறிவிப்பு வந்தது. பள்ளாத்துருத்தி சங்கத்தார் வலித்த காரிச்சால் வென்றது. நேரம் 4 நிமிடம் 29.785 வினாடி. இரண்டாவதாக வந்த வீயபுரத்துக்கு 29.790. ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஐந்து பங்கு வேறுபாடு! ஆட்சேபமும் எழுந்தது, கூச்சலும் எழுந்தது. கண்ணால் காண இயலாத வேற்றுமைக்காக ஒரு கரை குதித்தது. மறு கரை தலையில் கை வைத்தது.

திரும்பும் வண்டியில் நாம் ஒன்றை நினைத்துக்கொண்டிருந்தோம். காரிச்சால் வள்ளம் காரிச்சால் ஊராருக்குச் சொந்தம். வலித்து வென்றவரோ பள்ளாத்துருத்திச் சங்கத்தார். வெளி மாநிலத்தவரைத் துடுப்புக்கு அமர்த்தும் வழக்கமும் உண்டு. அவர் தொகைக்கு வரம்பும் உண்டு. பிறர் படகில் அமர்ந்து, தாளம் தப்பாமல் வலிப்பவனும் அப்படகைச் சேர்ந்தவனே. நூறு பேரில் ஒருவன் தாளம் தப்பினால் அந்த ஆயிரத்தில் ஐந்து பங்கு போய்விடும். கன்னட நாட்டில் தொழில் செய்து வாழும் நமக்கு இது புதிய செய்தியன்று. அவ்வூர் மொழியைக் கற்று, அவ்வூர் வேலையைச் செவ்வையாகச் செய்து வருகிறோம். ஆனால் படகு வலிப்பவனுக்கும் பந்தயம் முடிந்தபின் போய்ச் சேர ஒரு வீடு வேண்டும். நமக்கு அது ஈரோட்டு நடைமேடையில் புளிச்சோற்றுத் தூக்குடன் காத்திருந்தது.

அன்பர்களுக்கு நம் யோசனை இதுதான். ஊருக்குச் செல்வதை விடாதீர்கள். ஆனால் ஓராண்டேனும் ஊரிலிருக்கும் பெரியவரை உடன் அழைத்துக்கொண்டு, புதிதாக ஓரிடம் காணுங்கள். வள்ளங்களி காண விரும்புவோர் தேதியை உறுதி செய்துகொண்ட பின்னரே சீட்டு வாங்குக. 2025-இல் அது ஆகஸ்டு 30-இல் நடைபெற்றது. ரயில் முன்பதிவு இப்போது 60 நாளைக்கு முன்னர்தான் திறக்கிறது. கரையிலுள்ள பந்தல்களுக்கு அனுமதிச் சீட்டு முன்னதாகவே கிடைக்கும். நம்மைப் போல் பிந்தி நின்று பிள்ளையைத் தோளில் சுமக்க வேண்டாம். குடையும் மாற்றுடையும் அவசியம். படகில் ஏறுமுன் தலைகளை எண்ணுங்கள்.

ஈரோட்டில் இறங்கும்போது அன்னையார் நம் கையைப் பற்றி, "அடுத்த வருசம் எங்கீங் கண்ணு?" என்று கேட்டார். நாம் பதில் சொல்வதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.