பாசியின் மேல் ஏன் பழி?

தஞ்சையிலும் குடந்தையிலும் சில இல்லங்களின் கூடத்தில் இன்று கடல் வந்து குடியேறியிருக்கிறது. கண்ணாடித் தொட்டி, நீல விளக்கு, உப்புக் கலவை கரைத்த நீர், இரண்டு கோமாளி மீன்கள், பாறைமேல் சில பவள உயிர்கள். மூன்றாம் மாதம் அப்பாறையெங்கும் பச்சை மயிர் முளைத்தாற்போல் பாசி படர்கிறது. வீட்டுக்காரர் பதறிக் கடைக்கு ஓடுகிறார். கடைக்காரர் ஒரு புட்டியை நீட்டுகிறார். சில சொட்டுகள் விட்டால் போதுமாம், பாசி ஒழிந்துவிடுமாம். அந்தப் புட்டியையும் அது வளர்க்கும் மனப்போக்கையும் எதிர்த்தே இதை எழுதுகிறோம்.

குறுந்தொகையின் 399ஆம் பாடலில் தலைவியின் பசலைக்குப் பரணர் காட்டும் உவமை, ஊரார் நீருண்ணும் கேணியின் பாசி. தொட்டால் விலகுவது, விட்டால் பரவுவது. உவமை நயத்தைப் பாராட்டிவிட்டு அடுத்த பாடலுக்கு நகர்வது வகுப்பறை வழக்கம். நீரைப் பற்றிய செய்தியாகவும் அது பிழையற்றது என்பதை எவரும் சொல்வதில்லை. தொடுகின்ற கை பாசியைத்தான் விலக்கும். பாசியை வளர்க்கின்ற நீரை அது மாற்றிவிடாது.

அந்த நீரில் இருப்பது என்ன? பெரும்பாலும் நாம் போட்டதுதான். ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். உலர்ந்த மீனுணவில் புரதம் 45 விழுக்காடு, பாஸ்பரஸ் 1 விழுக்காடு என்று கொள்வோம். புரதத்தில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு நைட்ரஜன். அவ்வுணவில் ஒரு கிராம், மீனின் கழிவாகவும் தின்னாத மிச்சமாகவும் முழுதும் சிதைந்தால், 200 லிட்டர் தொட்டியில் நைட்ரேட்டை ஏறக்குறைய 1.6 பி.பி.எம். அளவும் பாஸ்பேட்டை 0.15 பி.பி.எம். அளவும் உயர்த்தும். பவளத் தொட்டியில் பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரை இருந்தால் நலம் என்பது வளர்ப்போர் பலரும் ஒப்புகின்ற வரையறை. மீனின் உடலில் தங்குவதும் பாறை உறிஞ்சுவதும் போக எஞ்சுவது இதனினும் குறைவுதான். ஆனால் அது நாள்தோறும் சேர்கிறது. விருந்தினருக்கு வேடிக்கை காட்டவென்று அள்ளிப் போடுகிறவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இதற்குமேல், உரமிட்ட வயல்களின் நடுவே இறக்கிய ஆழ்துளைக் குழாயின் நீரை வடிக்காமல் அப்படியே ஊற்றினால், கூடவே நைட்ரேட்டும் வந்து சேர வாய்ப்புண்டு. தொட்டிக்கு ஆர்.ஓ. நீர் ஆடம்பரம் என்று சலித்துக்கொள்வோர் இதை நினைவிற் கொள்க.

காவிரிப் படுகையில் பிறந்தவர்க்குப் புட்டியின் வேலையை விளக்குவது எளிது. நடவுக்கு முன் தக்கைப்பூண்டை விதைத்துப் பூக்கும் தறுவாயில் மடக்கி உழுகிறோமே, எதற்கு? செடி தன் உடலில் சேர்த்து வைத்ததை மண்ணுக்கே கொடுப்பதற்கு. தொட்டிக்குள் பாசியைக் கொல்வது அதே பசுந்தாள் உரம்தான். செத்த பாசி அழுகித் தான் சேர்த்த நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் நீருக்கே திருப்பித் தருகிறது. அழுகும்போது மீனுக்குரிய உயிர்வளியையும் குடித்துவிடுகிறது. அடுத்த போகம் முன்னிலும் செழிப்பாக விளையும். வாங்கியது தாமிரம் கலந்த மருந்தென்றால் நத்தைக்கும் இறாலுக்கும் பவளத்துக்குமே அது நஞ்சு. செந்நிறச் சளிபோல் படரும் நீலப்பசும்பாசிக்கு எரித்ரோமைசின் போடச் சொல்லும் அறிஞர்களும் உளர். மனிதர்க்கான மருந்தைத் தொட்டியில் கரைத்து, பிறகு அந்நீரைச் சாக்கடையில் விடுவதை என்ன பெயரிட்டு அழைப்பது!

இதற்கு எதிர்முனையில் நிற்பவர்கள் பூச்சிய வழிபாட்டினர். சோதனைப் பெட்டியில் எல்லா அளவும் பூச்சியம் காட்டும்வரை இவர்களுக்கு உறக்கம் வராது. பவளமோ தன் திசுவுக்குள்ளேயே பாசியைக் குடிவைத்து வாழும் விலங்கு. சூவோசாந்தெல்லே என்னும் அந்நுண்பாசி ஒளியில் சமைத்துத் தருவதே அதன் ஆகாரத்தில் பெரும்பங்கு. நீரில் சத்தே இல்லையெனில் பவளம் வெளிறுகிறது. காலியான பாறையில் டைனோஃபிளாஜெல்லேட் பழுப்புக் கோழையாய்ப் படர்கிறது. அதைக் கண்டவர்கள் பழைய பச்சைப் பாசியே தேவலை என்பார்கள்.

தக்க வழி புதிதன்று. இந்தோனேசியாவின் லீ சின் எங், உயிர்ப்பாறையும் காற்றுக் குமிழியும் மட்டுமே கொண்டு பவளத் தொட்டி நடத்தும் முறையை 1961இலேயே எழுதினார். 1980களில் ஸ்மித்சோனியனின் வால்டர் ஏடி, பாசியைத் தனித் தட்டில் விளக்கொளியில் வளர்த்து அறுவடை செய்து நீரைத் தூய்மையாக்கினார். இன்று கேட்டோமார்ஃபா பாசியைப் பக்கத் தொட்டியில் வளர்த்துப் பிடுங்கி எறிவதும் அதன் வழிவந்ததே. பிடுங்கி வெளியே எறிவது என்பதுதான் முக்கியம். அளவான தீனி, வாரந்தோறும் சிறிது நீர்மாற்றம், சில நத்தைகள், பல மாதப் பொறுமை. கடைக்காரருக்கு இதில் இலாபம் சொற்பம்.

இன்னொன்று. கடினப் பவளங்களனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளன. மன்னார் வளைகுடாவில் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்னும் இரு தீவுகள் மூழ்கியதற்குப் பவளப்பாறைகளை வெட்டியெடுத்தது ஒரு பெருங்காரணம். எஞ்சியதைக் களவாடிக் கூடத்தில் வைத்து, புட்டியால் கொல்லவும் செய்வோமாயின் அது ரசனையாகாது.

கூடத்தை விட்டு வெளியே வந்தாலும் காண்பது அதே மனப்போக்குதான். வாய்க்காலில் ஆகாயத்தாமரை அடைத்தால் இயந்திரம் வைத்து வாருகிறோம். வாரியதைக் கரையிலேயே குவித்து மழையில் கரைய விடுகிறோம். சாக்கடைக் குழாயைத் தொடுவதில்லை. கடலும் இதற்கு விலக்கன்று. 2019 செப்டம்பரில் பாம்பன், மண்டபம் பக்கம் நொக்டிலூக்கா பெருகிக் கடல் பச்சையானது, மீன்கள் செத்தொதுங்கின. உயிர்வளி குன்றியதால் பவளங்களும் மாண்டதைப் பின்னர் ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். கல்லணைக் கால்வாயின் கடைமடை தாண்டி நம் வயல்களின் உரநீர் சேருவது மல்லிப்பட்டினம், மனோரா முன்னுள்ள பாக் விரிகுடாவில். அங்கே 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்திருக்கிறது தமிழக அரசு. கடற்பசு மேய்வது கடற்புல்லை. சத்து மிகுந்த நீரில் அப்புல்லின் இலைமேல் பாசி படரும். படர்ந்தால் வெயில் மறையும், வெயில் மறைந்தால் புல் மாயும்.