முதலில் நகல், பிறகு மாற்றம்!

வீட்டுக்கு ஓடு மாற்ற வேண்டும். வேலையாள் வந்து விட்டார். ஏணியும் வைத்தாகி விட்டது.

வீட்டுக்காரர் என்ன செய்வார்? அரிசி மூட்டையை அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைப்பார். வீட்டுப் பத்திரத்தைப் பெட்டியில் போட்டுப் பூட்டுவார். பிறகுதான், "ஓட்டில் கை வையுங்கள்" என்பார்.

ஓட்டு வேலைக்கே இவ்வளவு முன்யோசனை! ஆனால், பல நூறு பேருடைய கடிதங்களும் படங்களும் அடங்கிய கம்ப்யூட்டரில் கை வைக்கும்போது, சிலர் இந்த முன்யோசனையை மறந்து விடுகிறார்கள். இது பெரிய தவறு.

சொந்தத்தில் ஒரு வலைத்தளம்

பேஸ்புக் போன்ற சமூக வலைத்தளங்களைப் பெரிய கம்பெனிகள் நடத்துகின்றன. கம்பெனியை நம்பாமல், நாமே நடத்திக்கொள்ளும் சமூக வலைத்தளங்களும் உண்டு. அவற்றில் பெயர் பெற்றது மாஸ்டோடான்.

ஜெர்மனியைச் சேர்ந்த யூஜென் ராக்கோ என்பவர் 2016-ம் ஆண்டில் இதை வெளியிட்டார். இதற்கு விலை கிடையாது. ஒரு கம்ப்யூட்டரை எந்த நேரமும் ஓடும்படி வைத்து, யாரும் இதை நடத்தலாம். அந்தக் கம்ப்யூட்டருக்கு சர்வர் என்று பெயர்.

ஓர் ஊர்த் தபாலாபீசில் போட்ட கடிதம் இன்னோர் ஊருக்குப் போகிறது அல்லவா? அதுபோல, ஒரு சர்வரில் எழுதியது மற்ற சர்வர்களுக்கும் போகும்.

இதில் சுதந்திரம் உண்டு. கூடவே பொறுப்பும் உண்டு. ஓட்டை விழுந்தால் அடைக்கக் கம்பெனி வராது. நிர்வாகிதான் அடைக்க வேண்டும்.

ஒத்திப் போடலாமா?

"நன்றாகத்தானே ஓடுகிறது? எதற்குத் தொட வேண்டும்?" என்பார் உண்டு. இந்தப் பேச்சு ஆபத்தானது.

2023-ம் ஆண்டு ஜூலை மாதம், மாஸ்டோடானில் ஒரு பெரிய ஓட்டை இருப்பது வெளியானது. சூழ்ச்சியாகத் தயாரித்த ஒரு படத்தை அனுப்பியே சர்வருக்குள் நுழைய அது வழி செய்தது.

2024-ம் ஆண்டு பிப்ரவரி 1-ந் தேதி இன்னொரு ஓட்டை அடைக்கப்பட்டது. அதன் வழியாக, வேற்று சர்வரில் இருப்பவரைப்போல ஆள் மாறாட்டம் செய்து, அவர் கணக்கையே கைப்பற்ற முடியும். அதை அடைத்த பதிப்பின் எண் 4.2.5. எல்லா நிர்வாகிகளும் முதலில் பூட்டை மாற்றிக்கொள்ளட்டும் என்று, ஓட்டையின் முழு விவரத்தைப் பிப்ரவரி 15-ந் தேதி வரை வெளியிட மாட்டோம் என அறிவித்தார்கள்.

ஏன் இந்த ரகசியம்? பூட்டில் எங்கே பழுது என்பது வீட்டுக்காரருக்குத் தெரியும்போது திருடனுக்கும் தெரிந்துவிடும்! ஆகவே, ஒத்திப் போடக் கூடாது.

அவசரப்படலாமா?

அதுவும் கூடாது. கிட்லேப் என்ற நிறுவனத்தின் கதையைக் கேளுங்கள். மென்பொருள் எழுதுவோர் தங்கள் வேலையைச் சேமித்து வைக்கும் இடம் அது.

2017-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி இரவு. ஓர் என்ஜினீயர் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். துணைக் கம்ப்யூட்டர் என்று நினைத்து, முக்கியக் கம்ப்யூட்டரில் இருந்த விவரங்களை அழிக்கத் தொடங்கி விட்டார். ஓரிரு விநாடியில் தவறு புரிந்தது. நிறுத்தினார். அதற்குள் எல்லாம் போய் விட்டது. சுமார் 300 ஜிகாபைட்டில் மிஞ்சியது 4.5 ஜிகாபைட்டுதான்!

"நகல் இருக்கிறதே" என்று தேடினார்கள். ஐந்து விதமான பாதுகாப்பு ஏற்பாடுகளில் ஒன்றுகூடச் சரியாக வேலை செய்யவில்லை. டேட்டாபேஸ் 9.6 பதிப்புக்கு மாறியிருந்தது. நகல் எடுக்கும் கருவியோ 9.2 பதிப்பிலேயே நின்று விட்டது. அதனால் நகலே எடுக்கப்படவில்லை. எச்சரிக்கைக் கடிதங்களும் வந்து சேரவில்லை!

ஆறு மணி நேரத்துக்கு முன்பு வேறொரு காரியத்துக்காக எடுத்த நகல் ஒன்று காப்பாற்றியது. ஆனாலும், அந்த ஆறு மணி நேரத்து விவரங்கள் போனது போனதுதான். அவற்றில் சுமார் 700 புதுக் கணக்குகளும் அடக்கம்.

பெரிய நிறுவனத்துக்கே இந்தக் கதி! இதிலிருந்து என்ன தெரிகிறது? திருப்பிப் போட்டுப் பார்க்காத நகல், நகலே அல்ல.

செய்ய வேண்டியது

புதுப் பதிப்புடன் வரும் குறிப்பை முழுவதும் படிக்க வேண்டும். இடையில் சில பதிப்புகளை விட்டிருந்தால், அவற்றின் குறிப்புகளையும் படிக்க வேண்டும்.

அடுத்து, மூன்று பொருள்களுக்கு நகல் வேண்டும். ஒன்று, எழுத்தெல்லாம் இருக்கும் டேட்டாபேஸ். இரண்டு, மக்கள் ஏற்றிய படங்கள். மூன்று, ரகசியச் சாவிகள் உள்ள அமைப்புக் கோப்பு. மூன்றாவதைத்தான் பலர் மறக்கிறார்கள். சாவி தொலைந்தால், பூட்டி வைத்த விவரங்களைத் திறக்கவே முடியாது.

நகலை அதே கம்ப்யூட்டரில் வைப்பது வீண். வீடு எரிந்தால் பெட்டியும் எரியும்! வேறு இடத்தில் வைக்க வேண்டும். வேறொரு கம்ப்யூட்டரில் அதைத் திருப்பிப் போட்டு, மாற்றத்தை அங்கே ஒத்திகை பார்க்க வேண்டும்.

பிறகு, "இத்தனை மணிக்குச் சற்று நேரம் தளம் இயங்காது" என்று எல்லோருக்கும் சொல்லிவிட்டு, வேலையைத் தொடங்கலாம். டேட்டாபேஸ் மாற்றங்களில் சில, புது மென்பொருளை ஓட விடுவதற்கு முன்பு செய்ய வேண்டியவை. சில, பின்பு செய்ய வேண்டியவை. இந்த வரிசை பிசகக் கூடாது.

முடிந்ததும், உள்ளே நுழைந்து ஒரு வரி எழுதிப் பாருங்கள். ஒரு படம் ஏற்றுங்கள். மற்ற சர்வர்களிலிருந்து தபால் வருகிறதா என்று கவனியுங்கள்.

கோளாறு தெரிந்தால், பழைய மென்பொருளை மட்டும் திரும்ப வைத்துப் பயனில்லை. டேட்டாபேஸ் மாறி விட்டதே! நகலையும் சேர்த்துத் திருப்பிப் போட வேண்டும்.

"எனக்கு நேரம் ஏது?"

சம்பளம் இல்லாமல் இரவில் கண்விழித்து இந்த வேலையைச் செய்பவர்கள் பலர். "ஒத்திகைக்கு எனக்கு நேரம் ஏது?" என்று அவர்கள் கேட்பதிலும் நியாயம் உண்டு.

ஆனால், அங்கே இருப்பது அவர் பொருள் அல்ல. ஒரு தாய் போட்டு வைத்த குழந்தையின் படம் அங்கே இருக்கிறது. இறந்துபோன நண்பரின் கடைசி வரிகள் இருக்கின்றன. போனால், பணம் கொடுத்தும் வாங்க முடியாது.

அதில் எழுதுகிறவர்களுக்கும் கடமை உண்டு. நிர்வாகியிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். "கடைசியாக எப்போது புதுப்பித்தீர்கள்? நகலை எப்போது திருப்பிப் போட்டுப் பார்த்தீர்கள்?"

கேட்பதோடு நிற்காதீர்கள். செலவில் உங்களால் ஆன பங்கைக் கொடுங்கள். மாற்றம் செய்யும் இரவில் தளம் ஒரு மணி நேரம் நின்றால், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மணி நேரம் நிற்பது நஷ்டம் அல்ல. ஒரேயடியாகப் போவதுதான் நஷ்டம்!