‘சீன்சு’ – வேரும் நம் கடமையும்

மதுரைக்கு அணித்தே உள்ள சிற்றூர்ப் பள்ளியொன்றில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, சீன்சுக்குத் தமிழ் என்ன?” என்று வினவினான். வகுப்பு சிரித்தது. யாம் சிரித்திலேம். நாளும் உடுத்தும் உடைக்குத் தன் மொழியில் பெயரில்லை என்று இன்று எண்ணும் சிறுவன், அம்மொழியே தனக்கு வேண்டுவதில்லை என்று நாளை எண்ணுவான். ஆகலின் விடை கூறுதல் நம் கடன்.

முதற்கண் வேர் காண்போம். இத்தாலியத் துறைமுக நகர் செனோவா. பிரெஞ்சு மொழியில் அதன் பெயரே வேறு. அப்பெயர்வழி வந்த முரட்டுத் துணியின் பெயரே ஆங்கிலத்தில் ‘சீன்’ ஆயிற்று. ‘தெனிம்’ என்பது பிரான்சு நாட்டு நீம் நகரத்துத் துணி எனப் பொருள்படும் தொடரின் சிதைவு என்பர். அவ்வினத்ததாகிய ‘தங்கரி’ என்னும் சொல்லோ நம் மும்பையின் தோங்கிரிப் பகுதியிலிருந்து சென்றதாகும். 1873-இல் யாக்கோபு தேவிசு என்னும் தையற்காரரும் இலெவி சிட்ராசு என்னும் வணிகரும், பைகளின் மூலைகளில் செப்பாணி பொருத்தும் முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றனர். உழைப்பாளர் உடையாகவே அது பரவிற்று.

எனவே இவை யாவும் ஊர்ப்பெயரால் துணியைக் குறித்தவை. நம் இலக்கணத்தார் கூறும் இடவாகுபெயர். மேலே ‘வகுப்பு சிரித்தது’ என்றோமே, அதுவும் அவ்வகையே.

இங்கு அன்பர் சிலர்க்கு ஒன்று சொல்லுவோம். ‘சீன்சு’ என்பதற்கும் தமிழ்வேர் காட்ட முயலாதீர்! வேர் காண்டல் வேறு. விரும்பியதைக் காண்டல் வேறு. பொய்வேர் ஒன்று காட்டின், மெய்வேர் நூறும் ஐயத்திற்கு உள்ளாகும்.

பிறர் சொல்லைப் பறித்துப் பெருமை கொள்ளும் வறுமை நமக்கில்லை. தறியினின்று அறுக்கப்படுதலின் அறுவை, துணிக்கப்படுதலின் துணி. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்னும் கழகப் புலவர் தம் தொழிலையே பெயரில் தாங்கினார். பருத்தியும் மயிரும் பட்டும் கொண்டு நெய்த துணிகள் அடுக்கடுக்காய்க் கிடந்த மதுரைத் தெருவை இளங்கோவடிகள் காட்டுகின்றார். வைகைக்கரைக் கீழடி அகழாய்வில் நூல் நூற்கும் தக்களிகள் கிடைத்துள்ளன. இத்தகைய மண்ணில் ஓர் உடைக்குப் பெயரில்லையா?

பொருளை நோக்கின் பெயர் தானே வரும். இத்துணியில் பாவு நூலுக்கே நீலச் சாயம். ஊடை நூல் வெண்மையாகவே நிற்கும். அதனால்தான் புறம் நீலமாகவும் அகம் வெளிறியும் உள்ளது. சாய்வரி தோன்ற நெருக்கி நெய்தலின் திண்ணிதாகின்றது. திண்ணிய துணி திண்டுணி. அதனால் தைத்தது திண்டுணிக் காற்சட்டை. இதனினும் நல்ல சொல் தருவார் தருக, மகிழ்ந்து ஏற்போம்.

அயற்சொல்லே வேண்டுமெனினும், அயலெழுத்தை நீக்கித் தமிழெழுத்தால் வழங்குக என்பது தொல்காப்பியர் நெறி. கோழிக்கோட்டுத் துணியை ஆங்கிலர் தம் நாவிற்கேற்பக் ‘காலிக்கோ’ ஆக்கிக்கொண்டனர். அவர் செய்தது அறிவெனின், நாம் செய்வது மட்டும் வெறியாகுமோ?

உடை எந்நாட்டதாயினும் ஆகுக; அதனை அழைக்கும் நா நமதாகுக! அம்மாணவன் இன்று தன் சுவடியில் அச்சொல்லை எழுதியுள்ளான். நும் இல்லத்துச் சிறுவர் நாளை வினவுவர். விடையோடு இருங்கள்!