‘எக்கோ பிரிண்ட்’ டி-ஷர்ட்: தண்ணீர் மிச்சம்தான்... பைண்டர் கணக்கு எங்கே?

ஆன்லைனில் டி-ஷர்ட் தேடினால், படத்துக்குக் கீழே ஒரு பச்சை இலை, ‘எக்கோ ஃப்ரெண்ட்லி பிக்மென்ட் பிரிண்ட்’ என்று ஒரு வரி. விலையும் கொஞ்சம் கூடுதல். அந்த வரியில் பாதி உண்மை இருக்கிறது.

அது சாதாரண பாதி இல்லை. பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயத்தால் பிரிண்ட் போட்டால், சாயம் நூலோடு பிணைய நீராவியில் வைக்க வேண்டும். பிறகு ஒட்டாத சாயம், யூரியா, காரம் எல்லாம் போகும்வரை பலமுறை அலச வேண்டும். அந்தத் தண்ணீர்தான் சாயக்கழிவு. பிக்மென்ட் கதையே வேறு. நிறமித் துகள் நூலுக்குள் போகாது. பைண்டர் என்கிற பசை அதைத் துணியின் மேலேயே பிடித்துவைக்கும். சுமார் 150 டிகிரி செல்சியஸில் சில நிமிடம் சூடு காட்டினால் முடிந்தது. துணியை அலசும் வேலையே பெரும்பாலும் இல்லை. ஸ்க்ரீன் கழுவும் தண்ணீரைத்தான் கவனிக்க வேண்டும்.

திருப்பூர்க்காரர்களுக்கு இதன் அருமை தெரியும். நொய்யலில் சாயக்கழிவு ஓடி, பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையின் தண்ணீரே வயலுக்கு ஆகாமல் போனது. 2011 ஜனவரியில் சாய, சலவைப் பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

சரி, மீதிப் பாதி? பைண்டர்தான். பெரும்பாலும் அது அக்ரிலிக் பாலிமர். பச்சையாகச் சொன்னால் மெல்லிய பிளாஸ்டிக் படலம். பிரிண்ட் உள்ள இடம் விறைப்பாக இருப்பது அதனால்தான். நிறம் உறுதியாக நிற்கச் சேர்க்கும் சில ஃபிக்ஸர்கள் ஃபார்மால்டிஹைடை வெளியிடும். ஓகோ-டெக்ஸ் 100 தரச்சான்றின்படி, குழந்தை உடையில் அது கிலோவுக்கு 16 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். தோலில் படும் பெரியவர்கள் உடைக்கு வரம்பு 75. பேஸ்ட்டைக் கெட்டியாக்க ஒரு காலத்தில் மண்ணெண்ணெய் கலந்தார்கள். இன்று அதற்கு நீர் சார்ந்த மாற்று இருக்கிறது. ஃபார்மால்டிஹைடு இல்லாத பைண்டரும் கிடைக்கிறது.

ஆனால், அதற்கான செலவை யார் தருவது? ஒரு பீஸுக்குப் பைசா கணக்கில் பேரம் பேசும் பிராண்டுதான், பச்சை இலையையும் ஒட்டுகிறது. ஜாப் ஒர்க் எடுக்கும் சின்ன யூனிட், கிடைக்கிற ரேட்டுக்கு எந்த பைண்டர் கட்டுப்படியாகுமோ அதைத்தான் வாங்கும். அதைக் குறை சொல்லவும் முடியாது.

இலைச் சின்னம் போடத் தெரிந்த பிராண்டு, அதே லேபிளில் பைண்டர் எந்த வகை, ஃபார்மால்டிஹைடு சோதனையில் எவ்வளவு வந்தது என்று இரண்டு வரி போடலாம். துணி பற்றி ‘100% காட்டன்’ என்று எழுத இடம் இருக்கிறதே!