கழுத்தொடிந்த மட்டை

சென்ற ஆடி மாதம் எங்கள் வீட்டில் ஏழாவது ஈ மட்டை ஒடிந்தது. ஒரே வருஷத்தில் ஏழு. ஈயை அடித்து ஒடிந்திருந்தாலாவது வீரமரணம் என்று சொல்லி மரியாதை செய்திருக்கலாம். மேஜை விளிம்பில் லேசாகப் பட்டது, அவ்வளவுதான். தலை ஒரு பக்கம், பிடி ஒரு பக்கம். ஈ என்னவோ சர்க்கரை டப்பாவின் மூடியில் உட்கார்ந்து முன்னங்கால்கள் இரண்டையும் தேய்த்துக்கொண்டிருந்தது. கைகொட்டிச் சிரிப்பதாகவே எனக்குத் தோன்றியது.

என் மனைவி ஒடிந்த பிடியை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனாள். பின்னாலேயே போய்ப் பார்த்தேன். ஆறு தக்காளிச் செடிகளுக்கு ஆறு பிடிகள் முட்டுக்கொடுத்து நின்றன. ஏழாவதைக் கத்தரிச் செடிக்கு நட்டாள்.

"தூக்கி எறிய மனசு வரலீங்க. குச்சி நல்லாத்தானே இருக்குது?" என்றாள்.

இந்தக் கட்டுரைக்கு அந்த வார்த்தைதான் வித்து. குச்சி நன்றாகத்தான் இருக்கிறது. ஏழு குச்சிகளும் நன்றாக இருக்கின்றன. ஏழு தலைகளில் ஐந்துகூட நன்றாகத்தான் இருந்தன. ஏழிலும் ஒடிந்தது கழுத்து. பிடியும் தலையும் சேருகிற இடத்தில், சுண்டுவிரல் கனத்தில் ஒரு பிளாஸ்டிக் துண்டு. கால் ரூபாய்கூடப் பெறாத அந்தத் துண்டுக்காக முப்பது ரூபாய்ச் சாமானைக் குப்பையில் போடு என்கிறான் செய்தவன். நாமும் போடுகிறோம். போட்டுவிட்டுப் பழையபடி கடைக்கு நடக்கிறோம்.

"முப்பது ரூபாய்ச் சமாசாரத்துக்கு ஒரு கட்டுரையா?" என்று முகம் சுளிக்கும் வாசகர்கள் நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் ஒரு மழைக்காலம் குடியிருந்து பார்க்க வேண்டும். எங்கள் பூமி கோழிப்பண்ணைப் பூமி. கோடிக்கணக்கான கோழிகள் கூண்டுகளில் நின்றபடி முட்டையிடுகின்றன. கூண்டுக்குக் கீழே எச்சம் குவிகிறது. காய்ந்து கிடக்கும்வரை அது நல்ல எரு, விலைக்குப் போகும். மழைச்சாரல் அடித்தோ, தண்ணீர்க் குழாய் ஒழுகியோ ஈரமானால் அதுவே ஈக்குப் பிரசவ ஆஸ்பத்திரி. ஒரு பெண் ஈ ஒரு தடவைக்குச் சுமார் நூறு முட்டை இடும். முட்டை புழுவாகி, புழு கூட்டுப்புழுவாகி, அது ஈயாகிப் பறக்க நம் ஊர் வெயிலில் ஏழெட்டு நாள், மிஞ்சினால் பத்து நாள் போதும். நாமக்கல் முட்டையை நாடெல்லாம் சாப்பிடுகிறது. பள்ளிக் குழந்தைகளின் சத்துணவுத் தட்டுக்கும் போகிறது. நல்ல விஷயம்தான், கோழியோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் முட்டையை எடுத்துக்கொண்டவர்கள் ஈயை மட்டும் எங்களுக்கு விட்டுவிட்டுப் போகிறார்கள்.

எச்சத்தை ஈரம் படாமல் வைத்தால் ஈ குறையும் என்று கற்றவர்கள் சொல்கிறார்கள். உண்மை. பண்ணைக்காரர்கள் அதைச் செய்யட்டும். செய்கிறவரை, பண்ணை வேலிக்கு அந்தப் பக்கம் சோற்றுத்தட்டைத் திறக்கும் கூலிக்காரப் பெண்ணுக்கு வலக்கை சோற்றுக்கு, இடக்கை மட்டைக்கு. அவளுக்கு அந்த முப்பது ரூபாய் சின்னத் தொகை இல்லை.

இப்போது இந்த ஊரின் இன்னொரு பெருமையைச் சொல்லுகிறேன். நாமக்கல்லில் லாரிக்குக் கூடு கட்டுகிறார்கள். கம்பெனியிலிருந்து வெறும் அடிச்சட்டம் வரும். மரமும் தகடும் ஆணியும் போல்ட்டுமாக அதன் மேல் ஒரு வண்டியை எழுப்பி அனுப்புவார்கள். திருச்செங்கோட்டுக்குப் போனால் ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகள். இந்தியாவில் எந்த மூலையில் பாறையைத் துளைத்தாலும் எங்கள் ஊர் வண்டி ஒன்று அங்கே உறுமிக்கொண்டு நிற்கும். பாறையைக் கடித்துக் கடித்து நுனியிலுள்ள பிட் தேய்ந்தால் பிட்டை மாற்றுவார்கள். வண்டியையா எறிவார்கள்? லாரியின் வயிற்றுக்கடியில் வில்போல் வளைந்த பட்டைகள் அடுக்காக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பட்டை ஒடிந்தால் அந்த ஒன்றை மட்டும் கழற்றி வேறு ஒன்று போடுவார்கள். தேய்ந்த டயருக்கு மேல்தோல் ஒட்டி இன்னும் பல ஆயிரம் மைல் ஓட்டுவார்கள். லாரி வரைக்கும் போவானேன்? மண்வெட்டியைப் பாருங்கள். காம்பு முறிந்தால் ஆசாரி புதுக் காம்பு செதுக்கி, பூண் மாட்டி, ஆப்பு அடித்துக் கொடுத்துவிடுவார். காம்பு முறிந்ததென்று இரும்பை வீசியெறிந்த குடியானவனை நான் கண்டதில்லை.

இப்படிப்பட்ட ஊரில், காலையில் லாரிக்குப் பட்டை மாற்றிவிட்டு வந்த மேஸ்திரி, மத்தியானம் கழுத்தொடிந்த ஈ மட்டையைக் குப்பையில் போடுகிறார். இது எப்படி நேர்ந்தது? அவருக்குச் செய்யத் தெரியாமலா? இல்லை. அந்தச் சாமானில் கழற்ற ஓர் இடம் இல்லை. ஒரே வார்ப்பு. திருகு இல்லை, ஆணி இல்லை. "என்னைத் தொடாதே, வேறு வாங்கு" என்று அது பிறக்கும்போதே சொல்லிக்கொண்டு பிறக்கிறது.

ஆதியில் ஈ மட்டை இப்படி இல்லை என்பதுதான் வேடிக்கை. 1900ஆம் வருஷம் அமெரிக்காவில் ராபர்ட் மாண்ட்கோமரி என்பவர் இதற்குக் காப்புரிமை வாங்கினார். ஒரு பிடி, அதன் நுனியில் கம்பி வலை. 1905ல் கான்ஸாஸ் மாகாணத்துச் சுகாதார அதிகாரி டாக்டர் க்ரம்பைன் ஈயை ஒழிக்கப் பெரிய பிரசாரம் செய்தபோது, ஃப்ராங்க் ரோஸ் என்ற பள்ளி ஆசிரியர் ஒரு கஜக்கோலின் நுனியில் ஜன்னல் வலைத் துண்டை வைத்து அடித்துக் கொண்டுவந்து காட்டினார். கோல் வேறு, வலை வேறு. வலை கிழிந்தால் இன்னொரு துண்டு வலை. பள்ளிக்கூட வாத்தியாரே ரிப்பேர் செய்துகொள்ளலாம். வலையில் ஏன் கண் இருக்க வேண்டும் என்பதையும் அவர்கள் சரியாகப் பிடித்துவிட்டார்கள். மூடிய தட்டால் அடித்தால் முன்னால் தள்ளப்படும் காற்றே ஈக்குத் தந்தி கொடுத்துவிடும்; கண் வழியாகக் காற்று போய்விட்டால் தந்தி போகாது. நூறு வருஷத்துக்கு மேலாகியும் இந்தக் கண்ணை விட்டுவிடாத நம் உற்பத்தியாளர்கள், கழற்றி மாட்டும் வசதியை மட்டும் விட்டுவிட்டார்கள்.

ஈயடிச்சான் காப்பி என்று நம்மவர்கள் சொல்வதுண்டு. மூலக் காகிதத்தில் ஒரு ஈ நசுங்கி ஒட்டியிருந்ததாம்; நகல் எடுத்த குமாஸ்தா, தேடிப்பிடித்து ஒரு ஈயை அடித்துத் தம் காகிதத்திலும் அதே இடத்தில் ஒட்டினாராம். இந்த மட்டைகளை வரிசையாக வைத்துப் பாருங்கள். அந்தக் குமாஸ்தாவின் வம்சம் இன்னும் தழைத்திருப்பது தெரியும். சிவப்பு, பச்சை, மஞ்சள். ஒன்று கைபோல, ஒன்று பூப்போல. எல்லாவற்றிலும் அதே இடத்தில் அதே சூம்பிய கழுத்து. ஒருவன் செய்த பிழையை ஊரெல்லாம் வார்த்தெடுக்கிறார்கள்.

வெறுமனே திட்டிக்கொண்டிருப்பதில் எனக்குத் திருப்தி இல்லை. ஏழாவது மட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு, லாரிக்குக் கூடு கட்டும் பட்டறை ஒன்றுக்குப் போனேன். மேஸ்திரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க ஐயா, இதுக்கா இந்த வெயில்ல வந்தீங்க? முப்பது ரூவா போட்டா புதுசே கெடைக்குமேங்க."

"முப்பது ரூபாய் ஏழு தடவை போட்டாயிற்று மேஸ்திரி. பட்டை மாற்றுகிற மாதிரி இதன் கழுத்தை மாற்ற வழி உண்டா, சொல்லுங்கள்."

பட்டை என்ற வார்த்தை வேலை செய்தது. மனிதர் சிரிப்பை நிறுத்திவிட்டு யோசிக்க ஆரம்பித்தார். பெட்டி கட்டும் மெல்லிய எஃகுப் பட்டையில் நாலு விரல் நீளம் வெட்டினார். இரண்டு முனையிலும் இரண்டிரண்டு துளை. அது கழுத்து. வளையும், திரும்ப நிமிரும், ஒடியாது. மூங்கில் குச்சி ஒன்றின் நுனியைப் பிளந்து அதில் பட்டையைச் செருகி இரண்டு சின்ன போல்ட் போட்டார். அது பிடி. பழைய லாரி டியூபில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு கத்தரித்து, பஞ்சால் வரிசையாகத் துளை அடித்து, மறுமுனையில் மாட்டினார். அது தலை. ஈக்கும் தலை, மார்பு, வயிறு என்று மூன்று பாகம்தான்; எதிரிக்கு ஏற்ற ஆயுதம் என்று நினைத்துக்கொண்டேன். மேஸ்திரி அதை வீசிப் பார்த்தார். பட்டறைச் சுவரில் ஒரு ஈ பரலோகம் போயிற்று. உதவிக்கு நின்ற பையன் கைதட்டினான். அப்புறம் அவரே, நான் கேட்காமல், அதே அளவில் இன்னும் மூன்று தலை வெட்டிக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். டீக்கு மட்டும் சம்மதித்தார்.

பெருமையோடு அதை ஒரு கடைக்காரரிடம் காட்டினேன். அவர் பேரும் ஊரும் வேண்டாம். "நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா சனங்க தலையை மட்டும் வாங்கிட்டுப் போனா, நான் மட்டையை எப்பங்க விக்கிறது?" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒளிவுமறைவு இல்லாத மனிதர். பெரிய கம்பெனிகள் இதையே பத்துப் பக்க அறிக்கையில் சுற்றி வளைத்துச் சொல்லும்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் வேண்டும். தனித்தனிப் பாகம் என்று சொல்லிவிட்டதாலேயே நமக்கு நல்லது என்று ஏமாந்துவிடக் கூடாது. பிளேடு மாற்றும் சவரக் கத்திக்கு ஜில்லெட் 1904ல் காப்புரிமை பெற்றார். இருபுறமும் வெட்டும் அந்தப் பழைய பிளேடில் பிற்பாடு எந்தக் கம்பெனிப் பிளேடும் எந்தப் பிடியிலும் பொருந்தியது. நாவிதர் முதல் நவாப் வரை பிழைத்தார்கள். அதற்குப் பின் வந்த புதுமாதிரிக் கத்திகளைப் பாருங்கள். அவரவர் பிடிக்கு அவரவர் தலைதான். பிடியை மலிவாகக் கொடுத்துவிட்டுத் தலையில் மொட்டையடிக்கிறார்கள். ஈ மட்டைக்கும் அந்தக் கதி வரலாகாது. மின்சார பல்பைப் பாருங்கள். எந்தக் கம்பெனி பல்பும் எங்கள் வீட்டு ஹோல்டரில் உட்காருகிறது. அளவு எல்லோருக்கும் பொது என்பதால்தானே? 1947ல் தொடங்கிய இந்தியத் தர நிறுவனத்தின் வாரிசாக ஒரு பீரோ டில்லியில் இருக்கிறது; குக்கருக்கும் தண்ணீர்ப் பாட்டிலுக்கும் தரம் வகுக்கிறது. ஈ மட்டையின் கழுத்துக்கு இரண்டு துளை, துளைக்குத் துளை இன்ன தூரம் என்று ஒரு அரைப் பக்கம் எழுத அதற்கு எத்தனை நாள் ஆகும்?

சர்க்கார் தூங்குகிறது என்று நான் சொல்லவில்லை. நாம் வாங்கிய சாமானை நாமே ரிப்பேர் செய்துகொள்ளும் உரிமை பற்றி ஆராய 2022 ஜூலையில் மத்திய அரசு ஒரு கமிட்டி போட்டது. விவசாயக் கருவி, கைப்பேசி, வீட்டு யந்திரங்கள், மோட்டார் வண்டி ஆகிய நாலையும் எடுத்துக்கொண்டார்கள். பிரான்ஸ் தேசத்தில் 2021 முதல் சில சாமான்களுக்கு, ரிப்பேருக்கு எத்தனை சுலபம் என்று மார்க்குப் போட்டு விற்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. எல்லாம் பெரிய சாமான்கள். ஏழை வீட்டில் தினம் ஒடிகிற சாமான் எந்த ஜாபிதாவிலும் இல்லை.

மின்சார மட்டை இருக்கிறதே என்பார்கள். அது இன்னும் மோசம். சடசடவென்று பொறி பறக்கும், பிள்ளைகளுக்குத் தீபாவளி. ஒரு வருஷத்தில் உள்ளே இருக்கும் பாட்டரி செத்துவிடும். அதைத் திறந்து மாற்ற வீட்டுக்காரருக்கு வழி வைக்கவில்லை. பல மட்டைகளில் அந்தப் பாட்டரி ஈயப் பாட்டரி. ஈயைக் கொல்ல வந்தது ஈயத்தை விட்டுவிட்டுப் போகிறது; அது குப்பைமேட்டில் உடைந்து எரிகிறது; அதைக் கிளறிப் பிழைக்கிறவன் அந்தப் புகையைக் குடிக்கிறான். 2021 ஏப்ரலில் அரசு ஒரு உத்தரவு போட்டது: ஒன்று 121 ரூபாய்க்குக் குறைந்த விலையில் வரும் கொசு மட்டைகளை இறக்குமதி செய்யக் கூடாதென்று. விலையைப் பார்த்தார்கள். திறந்து பாட்டரி மாற்ற முடியுமா என்று பார்த்து உத்தரவு போட்டிருந்தால் நான் இங்கிருந்தே ஒரு கும்பிடு போட்டிருப்பேன்.

மலிவு, மலிவு என்கிறார்கள். மேஸ்திரி செய்த மட்டையில் ஆடியிலிருந்து இன்று வரை ஒரு தலை மாற்றியிருக்கிறேன். இரண்டு தலை சமையலறை ஆணியில் தொங்குகின்றன. பக்கத்து வீட்டுப் பெரியம்மா நேற்று வந்து பார்த்துவிட்டு, தம் பேரனின் சைக்கிள் டியூப் பழசாகிக் கிடக்கிறது, அதில் வெட்ட முடியுமா என்று கேட்டார். அகலம் போதாது, இரண்டு துண்டைச் சேர்த்துத் தைத்தால் ஆகும் என்றேன். ஊசியும் கோணி நூலும் எடுத்துவரப் போயிருக்கிறார்.